கண்ணாடி தேய்க்க நல்ல மாதம் மார்கழி

சென்னையில் இருந்துகொண்டு, தொலைநோக்கிக்குள் ஒளியைக் குவிக்கிற குழிவான கண்ணாடியைச் சொந்தமாகத் தேய்க்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கிளாஸ் எங்கே சார் கிடைக்கும்?" என்றுதான். கிளாஸ் கிடைக்கும். பொடியும் கிடைக்கும். நம் ஊரில் கிடைக்காத ஒரே பொருள் குளிர். இந்த வேலைக்கான செய்முறைகள் பெரும்பாலும் குளிர் தேசத்துக்காரர்கள் தங்கள் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து எழுதியவை. அவர்கள் 20 டிகிரி என்று சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிற அறை வெப்பம் நமக்கு மார்கழி விடியற்காலையில்தான் வாய்க்கிறது. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இது: தேய்க்கிற வேலையை எந்த மாதம் வேண்டுமானாலும் தொடங்குங்கள், பாலிஷ் வேலையை மட்டும் மார்கழிக்கும் தைக்கும் ஒதுக்கி வையுங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சர்ஃபேஸ் பிளேட், ஸ்லிப் கேஜ், டயல் கேஜ் என்று அளவுக் கருவிகளோடே காலம் போனது. ஒரு டையில் 5 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிடித்துக் கொடுத்தால் இன்ஸ்பெக்‌ஷனில் வாயைத் திறக்க மாட்டார்கள். தொலைநோக்கிக் கண்ணாடியில் அந்த 5 மைக்ரானை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இங்கே கணக்கு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. அதையும் மெஷின் இல்லாமல், வில்லிவாக்கத்தில் ஒரு மொட்டை மாடியில், இரண்டு கையால் பிடித்துவிட முடிகிறது என்பதுதான் என்னை இதற்குள் இழுத்தது.

எப்படி முடிகிறது என்று சொல்கிறேன். ஒரே அளவில் இரண்டு வட்டத் துண்டுகள். கீழே இருப்பது டூல், மேலே இருப்பது கண்ணாடி. நடுவில் ஈரமான கார்பரண்டம் என்கிற சாணைப் பொடி. கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ளும்போது அது டூலின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டுகிறது. அப்போது கண்ணாடியின் நடுப்பகுதியிலும் டூலின் விளிம்பிலும் அழுத்தம் கூடுகிறது. கண்ணாடி நடுவில் குழியத் தொடங்கும், டூல் மேடாகத் தொடங்கும். சில தடவை தள்ளியதும் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், நாமும் ஒரு அடி நகர்ந்து நிற்க வேண்டும். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாத் திசையிலும் உரசி, எந்தக் கோணத்தில் வைத்தாலும் இடைவெளி இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று நழுவக்கூடிய வளைவு கோளம் ஒன்றுதான். வேறு எந்த வடிவமாக இருந்தாலும் எங்கேயாவது இடிக்கும், இடிக்கிற இடம் தேயும்.

லேத்தில் வேலை செய்தவனுக்கு இது பெரிய அதிசயம். லேத்தின் பெட்டில் தேய்மானம் இருந்தால் அது அப்படியே ஜாபில் இறங்கும். மெஷினை விடத் துல்லியமான பொருளை அந்த மெஷினில் எடுப்பது லேசில்லை. இங்கே என் கை ஒரு தடவை அதிகமாக அழுத்தும், ஒரு தடவை கோணலாகப் போகும், எதுவும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. கை ஒரே மாதிரி இயங்காததால்தான் கோளம் கிடைக்கிறது. ஒரே இடத்தில் நின்று, ஒரே வேகத்தில், மெஷின் மாதிரி தேய்த்தால் கெட்டுப்போகும்.

நான் செய்தது 6 அங்குலக் கண்ணாடி, எஃப் 8, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப் போல 8 மடங்கு. குவியத் தூரம் 48 அங்குலம், அதாவது 1,219 மில்லி. வளைவின் ஆரம் அதற்கு இரண்டு மடங்கு, 2,438 மில்லி. இந்த ஆரத்துக்கு நடுவில் வேண்டிய குழி 1.19 மில்லிதான். டயல் கேஜ் இல்லாதவர்கள், கண்ணாடியின் குறுக்கே ஒரு ஸ்டீல் ரூலை வைத்து, நடுவில் 1.2 மில்லி டிரில் பிட்டின் தண்டைச் செருகிப் பார்க்கலாம். இறுக்கமாக நுழைந்தால் ஆழம் வந்துவிட்டது.

கண்ணாடியைத் தேவராஜ முதலி தெருவில் வாங்கினேன். 19 மில்லி கனம். கடையில் அவர், "டேபிளுக்கா சார்? டஃபண்ட் போட்டுக்குங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார். "அதுதான் பாய் வேண்டாம், சாதா கிளாஸ்தான் வேணும்" என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சூடேற்றி வேகமாகக் குளிர்வித்த கண்ணாடியில் மேல்பரப்பு இறுகியும் உள்பகுதி இழுபட்டும் இருக்கும். அதை வெட்டப் போனாலே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பழைய லேப்டாப் திரையை வெள்ளையாக எரியவிட்டு, அதன்முன் கண்ணாடித் துண்டைப் பிடித்து, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பார்த்தால் உள்ளே இழுவிசை இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் திட்டுத்திட்டாகவும் பட்டைபட்டையாகவும் வெளிச்சம் தெரியும். இல்லாவிட்டால் ஒரே சீராக இருக்கும். அந்தச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்து காட்டினேன். பாயும் கூலிங்கிளாஸை வாங்கிப் போட்டுக்கொண்டு கடையில் இருந்த கண்ணாடிகளையெல்லாம் பார்த்தார்.

வட்டமாக வெட்டுவதற்கு எஸ்டேட்டில் வாட்டர்ஜெட் இருக்கிறது. வெட்டி வந்ததும் விளிம்பைச் சாணைக்கல்லால் தண்ணீர் விட்டுச் சாய்வாகத் தேய்த்துவிட வேண்டும். கூர்விளிம்போடு விட்டால் சில்லு பெயரும், பெயர்ந்த சில்லு நடுவில் ஓடிக் கோடு போடும். டூலுக்கு இன்னொரு கண்ணாடி தேவையில்லை. பல் டாக்டர்கள் அச்செடுக்கப் பயன்படுத்துகிற டெண்டல் ஸ்டோன் மாவைக் குழைத்து வட்டமாக வார்த்து, அதன்மேல் சின்னச் சின்னத் தரை ஓட்டுத் துண்டுகளை எபாக்ஸியால் ஒட்டினேன். பொடி விஷயத்தில் நம் ஊருக்குக் குறையே இல்லை. 1954இல் தொடங்கிய கார்பரண்டம் யுனிவர்சல் சென்னைக் கம்பெனி, திருவொற்றியூரில் அவர்களுக்கு ஆலை இருக்கிறது. 80, 120, 220, 400 என்று (நம்பர் ஏற ஏறப் பொடி நைசாகும்) பொடி பாரிமுனைப் பக்கக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

தேய்ப்பதற்கு மேடை, ஒவ்வொரு சென்னை வீட்டிலும் இருக்கிற நீல டிரம்தான். தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் அசையாது, சுற்றி நடக்கவும் வசதி. 80 நம்பர் பொடியைப் போட்டதும் வரும் சத்தம் பல்லைக் கூச வைக்கும். இரண்டு நிமிஷத்தில் பொடி உடைந்து, கரகரப்பு குறைந்து, கடைசியில் கண்ணாடி சத்தமே இல்லாமல் வழுக்கும். அது பொடி தீர்ந்ததற்கு அடையாளம். சேற்றைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். காதாலேயே வேலை நடக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் என்ன சத்தம் என்று மேலே வந்து பார்த்துவிட்டு, பிறகு தேய்த்துப் பார்க்கிறேன் என்று கேட்டு நின்றதும் உண்டு.

இந்த இடத்தில் ஜான் டாப்சனைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வராது. 1915இல் பீஜிங்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1944இல் சான்ஃபிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் சேர்ந்தார். நம் மயிலாப்பூர் மடம் இருக்கிறதே, அதே ராமகிருஷ்ண பரம்பரை. மடத்தில் துறவியாக இருந்துகொண்டே கப்பல் ஜன்னலுக்கான தடித்த கண்ணாடியை வாங்கி 12 அங்குலத்துக்குத் தேய்த்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியே வந்தபின் தொலைநோக்கியைத் தெருவோரம் நிறுத்தி, போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டு நிலாவையும் சனியையும் காட்டினார். பிளைவுட், அட்டைக் குழாய், டெஃப்லான் துண்டு என்று சாதாரணச் சாமானில் அவர் அமைத்த தாங்கிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். நம் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் போலத்தான் அவரை நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆழம் வந்ததும் 120, 220, 400, அதற்குப்பின் 12 மைக்ரான், 5 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொரு பொடியும் அதற்கு முந்தைய பொடி விட்ட குழிகளை எடுத்துவிட வேண்டும். லூப் என்கிற சின்ன பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, முந்தைய குழி ஒன்றுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்தது. மாறும்போது வாளி, ஸ்பாஞ்ச், விரித்த பேப்பர், போட்டிருக்கிற சட்டை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். 80 நம்பர் பொடியில் ஒரே ஒரு மணி 5 மைக்ரான் வேலைக்கு நடுவில் வந்து விழுந்தால் நாலு கட்டம் பின்னால் போக வேண்டியதுதான். நகக்கண்ணைப் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நான் அடுத்த டப்பாவைத் திறப்பேன்.

சரி, பிட்ச்சுக்கு வருவோம். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

5 மைக்ரான் முடிந்த கண்ணாடி பால் வெள்ளையாக மங்கலாக இருக்கும். அதைத் தெளிய வைக்கக் கடினமான டூல் உதவாது. பிட்ச் என்பது ரோசின் மாதிரி பிசினைக் கொஞ்சம் எண்ணெயோ மெழுகோ சேர்த்துப் பதமாக்கிய கறுப்புத் தங்க நிறப் பொருள். தட்டினால் கண்ணாடி மாதிரி உடையும். சும்மா விட்டால் மெல்ல மெல்ல வழியும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் பிட்ச்சை வைத்தார்கள். இத்தனை காலத்தில் அதிலிருந்து விழுந்த சொட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தக் குணம்தான் நமக்கு வேண்டும். கண்ணாடியை அதன்மேல் வைத்து அழுத்தினால் கண்ணாடியின் வளைவை அச்சு அசலாக வாங்கிக்கொள்ளும். வேகமாக உரசும்போது கெட்டியாக நிற்கும். பாலிஷ் பொடியின் மணிகள் அதில் பாதி புதைந்து, ஒரே மட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். நியூட்டனே தன் உலோக ஆடியைப் பிட்ச் வைத்துத்தான் மெருகேற்றினார். இதைவிடச் சிறந்த ஒன்றைக் கையால் வேலை செய்கிறவர்களுக்கு இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் பிட்ச்சின் கெட்டித்தனம் வெப்பத்தைப் பொறுத்தது. சில டிகிரி ஏறினாலே அது வேறு பொருளாகிவிடும். ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய பிட்ச்சை இரண்டு பில்லையாக வார்த்து, ஒன்றை மார்கழியிலும் ஒன்றைச் சித்திரையிலும் மாடி அறையில் வைத்துப் பார்த்தேன். மார்கழி விடியலில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி நாலைந்து விநாடி அழுத்தினால் மெல்லிய தடம் விழுந்தது. சித்திரை மத்தியானத்தில் நகம் வைத்தவுடன் உள்ளே போனது. சித்திரைப் பிட்ச்சில் வேலை செய்தால் என்ன நடக்கும்? கண்ணாடி லேப்பில், அதாவது பிட்ச் ஊற்றிய டூலில், அமிழும். தள்ளும்போதெல்லாம் விளிம்புக்கு முன்னால் பிட்ச் ஒரு வரப்பு மாதிரி எழும்பி, விளிம்பை மட்டும் அதிகமாகத் தின்னும். கடைசி இரண்டு மூன்று மில்லி கீழ்நோக்கி மடங்கிப்போகும். இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படுகிற வியாதி அது. கண்ணாடியின் பரப்பில் அதிகப் பங்கு விளிம்போரத்தில்தான் இருக்கிறது என்பதால் அங்கே மடங்கினால் படம் மங்கும்.

அதற்காகப் பிட்ச்சை ஒரேயடியாகக் கெட்டியாக்கிவிடவும் கூடாது. ரொம்பக் கெட்டியானால் கண்ணாடியோடு படியாது. மேடும் பள்ளமுமாக வளையங்கள் விழும், முடியளவு கீறல்கள் வரும். வெளிநாட்டுக் கடைகளில் பிட்ச்சை நம்பர் போட்டு விற்கிறார்கள். குளிர்காலத்துக்கு ஒரு நம்பர், கோடைக்கு ஒரு நம்பர். நான் ரோசினில் விளக்கெண்ணெயும் கொஞ்சம் தேன்மெழுகும் சேர்த்து நானே பதம் பார்க்கிறேன். நாட்டு மருந்துச் சாமான் கிடைக்கிற ராசப்ப செட்டி தெருவில் தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் நல்லதாக வாங்கலாம். காய்ச்சுவது நேரடித் தீயில் வேண்டாம், மணல் போட்ட சட்டியில் பாத்திரத்தை உட்கார வைத்து மெதுவாக. ரோசின் புகை தொண்டையைப் பிடிக்கும், தீயும் பிடிக்கும். திறந்த மாடியில்தான் செய்ய வேண்டும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீர் வேலை செய்யப்போகிற நேரத்து வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்காமல், நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு வேலை என்றால் 4 மணித் தண்ணீரில் பதம் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே சென்னைக்காரர்கள் யாராவது தனியாக ஒரு கையேடு எழுத வேண்டும்.

பதம் வந்ததும் டூலின் விளிம்பில் காகிதப் பட்டை சுற்றி ஊற்றி, கொஞ்சம் இறுகியதும் பொடி பூசிய ஈரக் கண்ணாடியை மேலே வைத்து அழுத்தி, குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் வெட்ட வேண்டும். கட்டங்களின் நடுவும் லேப்பின் நடுவும் ஒன்றாக அமையக் கூடாது. அமைந்தால் கண்ணாடியின் நடுவில் அதே வடிவம் பதியும்.

பாலிஷ் பொடி சீரியம் ஆக்சைடு, நீர்மோர் பதத்தில் கரைத்தது. கண்ணாடிக் கடைகளிலும் பாலிஷ் போடுகிறவர்களிடமும் கிடைக்கிற அதே இளஞ்சிவப்புப் பொடிதான், தரம் மட்டும் பார்த்து வாங்க வேண்டும். சீரியம் நமக்கு அந்நியமான தனிமமும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கிற மோனசைட்டில் இருப்பதில் முக்கியமானது சீரியம்தான். இந்தப் பொடி கண்ணாடியை வெறுமனே சுரண்டுவதில்லை. தண்ணீரும் சீரியமும் கண்ணாடியின் மேல்பரப்போடு வேதியியலாகச் சேர்ந்து, அதை அணு அடுக்கு அளவில் எடுக்கின்றன. அதனால்தான் கையால் இவ்வளவு நுணுக்கமாக எடுக்க முடிகிறது. முதல் நாள் வேலை முடிந்து துடைத்துப் பார்த்தபோது, நடுவில் கண்ணாடி திறந்துகொண்ட மாதிரி தெளிந்து, டியூப் லைட் அதில் தலைகீழாகத் தெரிந்தது. லேசர் பாயின்டரை மேலே அடித்தால், பாலிஷ் முடிந்த இடத்தில் புள்ளியே தெரியாது. முடியாத இடத்தில் சிவப்பாகப் பூக்கும். கடைசி விளிம்பு வரை அந்தச் சிவப்பு மறைய வேண்டும்.

வில்லியம் ஹெர்ஷல் தன் உலோக ஆடியை ஒரே மூச்சில் 16 மணி நேரம் கை எடுக்காமல் மெருகேற்றினார், தங்கை கரோலின் பக்கத்தில் இருந்து வாயில் ஊட்டிவிட்டார் என்று அந்த அம்மாவே எழுதியிருக்கிறார். 1781இல் அவர் யுரேனஸைக் கண்டுபிடித்த ஆடி 6.2 அங்குலம், நம்முடையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எனக்கு அவர்மேல் அளவில்லாத மரியாதை. ஆனால் நம் ஊரில் அந்த முறை ஆகாது. சீராகத் தேய்த்தால் அரை மணியில் கண்ணாடி சூடாகும், லேப் இளகும், வெயிலும் ஏறிவிடும். நான் 4 மணிக்கு ஆரம்பித்து, பக்கத்துக் கோயிலில் திருப்பாவை ஒலிபெருக்கி தொடங்கி, முடிந்து, காக்கை கத்தும் வரைக்கும்தான் செய்வேன். நடுநடுவே நிறுத்தி, லேப்பைத் தண்ணீர்த் தொட்டியில் குளிரவிட்டு, மறுபடி கண்ணாடியை அதன்மேல் வைத்துச் சும்மா படியவிட்டு, பிறகு தொடர்வேன்.

அடுத்தது சோதனை. 1858இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ கொடுத்த கத்திமுனைச் சோதனையைப் போல எளிமையும் கூர்மையும் சேர்ந்த ஓர் அளவுகோலை நான் டூல் ரூமில் பார்த்ததே இல்லை. ஓர் எல்இடி, அதன்முன் மெல்லிய பிளவு, ஒரு ஷேவிங் பிளேடு. இவை வளைவு ஆரத்தின் தூரத்தில், கண்ணாடிக்கு எதிரே. ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஒரு புள்ளியில் குவிகிறது. அந்தப் புள்ளியைப் பிளேடால் மெல்ல வெட்டியபடி பின்னால் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி சரியான கோளமாக இருந்தால் முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாகும். எங்கேயாவது மேடோ பள்ளமோ இருந்தால், பக்கவாட்டில் வெயில் பட்ட நிலம் மாதிரி நிழலோடு எழும்பி நிற்கும். ஒரு மைக்ரானில் நூறில் சில பங்கு உயரமுள்ள மேடு, கையால் தொட்டுவிடலாம் போலத் தெரியும்.

எங்கள் வீட்டில் சமையலறை வாசலில் கண்ணாடி, ஹாலின் மறுமுனையில் பிளேடு. சரியாக 2.44 மீட்டர் கிடைக்கிறது. திருகினால் மெல்ல நகர்கிற பழைய கிராஸ் ஸ்லைடு ஒன்றில் டயல் கேஜ் பொருத்திப் பிளேடை அதில் ஏற்றியிருக்கிறேன். ஃபேன் ஓடக் கூடாது. காற்று அசைந்தால் கண்ணாடியின்மேல் நீர் ஓடுகிற மாதிரி தெரியும். அரக்கோணம் லைனில் ரயில் போனால் படம் நடுங்கும், அது போகும் வரை காத்திருக்க வேண்டும். மகள் டயலைப் படித்து எழுதிக்கொள்வாள், நான் கண்ணை வைப்பேன். ஒருமுறை எட்டிப் பார்த்தவள், "அப்பா, மூச்சை அந்தப் பக்கம் விடுங்க, தெரியுது" என்றாள். உண்மைதான். மூச்சின் சூடு ஒளிப்பாதையில் சுருள் சுருளாக மேலே போனது.

நம்பாதவர்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். கண்ணாடியின்மேல் கட்டைவிரலை ஒரு நிமிஷம் வைத்து எடுத்துவிட்டு, உடனே கத்திமுனையில் பார்க்கச் சொல்வேன். விரல் பட்ட இடத்தில் கண்ணாடி சூட்டில் விரிந்து ஒரு மேடு எழும்பியிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக அமுங்கி மறையும். விரல் சூட்டுக்கே இப்படி என்றால், அரை மணி நேரம் தேய்த்த சூட்டுக்கு எப்படி இருக்கும்? நம் கடைகளில் கிடைக்கிற சாதாரணக் கண்ணாடி பைரெக்ஸ் வகையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் விரியும். அதனால் தேய்த்தவுடன் பார்க்கிற அளவு எதற்கும் ஆகாது. காலையில் தேய்த்ததை நான் ராத்திரி 11 மணிக்குமேல், ஹால் ஒரே வெப்பத்துக்கு வந்தபிறகுதான் பார்ப்பேன்.

கோளம் வந்துவிட்டால் முடிந்ததா என்றால், முடியவில்லை. கோளத்தின் விளிம்பில் படுகிற ஒளியும் நடுவில் படுகிற ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. பரவளையத்தில்தான் நட்சத்திர ஒளி முழுதும் ஒரு புள்ளிக்கு வரும். 6 அங்குலம் எஃப் 8இல் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம், நடுப்புள்ளியில் இரண்டையும் பொருத்தி வைத்துப் பார்த்தால், விளிம்பில் 0.29 மைக்ரான். கோளத்தையே கொஞ்சம் மாற்றிப் பொருத்தினால் 0.07 மைக்ரான்தான். அவ்வளவு சின்ன வித்தியாசம் என்று விட்டுவிடலாமா? கோளத்தோடு நிறுத்தினால் ஒளி அலையில் சுமார் கால் பங்கு பிழை இருக்கும். பார்க்கலாம், கிரகங்களும் தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதோடு நிறுத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பரவளையமாக்குவதற்கு, தள்ளும் வீச்சை நீட்டி, இடம் வலமாகவும் அகலமாக்கி, நடுவை இன்னும் கொஞ்சம் ஆழமாக்க வேண்டும். சில நிமிஷ வேலைதான். பிறகு ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பு, சோதனை, மறுநாள் விடியலில் மறுபடி சில நிமிஷம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஜோடி ஜோடியாக ஜன்னல்கள் வெட்டிக் கண்ணாடிமேல் மாட்டி, ஒவ்வொரு வளையத்துக்கும் பிளேடு எந்த இடத்தில் நின்றால் இரண்டு ஜன்னலும் ஒன்றாக இருளுகின்றன என்று டயலில் படிப்போம். எல்இடியும் பிளேடும் சேர்ந்து நகர்கிற அமைப்பில், நடுவுக்கும் கடைசி விளிம்புக்கும் 1.19 மில்லி வித்தியாசம் வர வேண்டும். குழியின் ஆழமும் அதே 1.19 என்பது தற்செயல் இல்லை, இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதை மகள் நோட்டில் கோடு போட்டு வரைந்துகொண்டே வந்தாள். தை பிறந்து, பனி விலகுவதற்குள் கோடு தொட வேண்டிய இடத்தைத் தொட்டது.

முலாம் பூசுவதற்குப் பெங்களூருக்கு மடியில் வைத்து ரயிலில் எடுத்துப் போனேன். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். படலத்தின் கனம் சுமார் 100 நானோமீட்டர். 6 அங்குலப் பரப்புக்குக் கணக்குப் போட்டால் மொத்த அலுமினியம் 5 மில்லிகிராம்தான் வருகிறது. ஒளியைத் திருப்பி அனுப்புவது அந்த 5 மில்லிகிராம். முக்கால் கிலோவுக்கு மேல் கனமுள்ள கண்ணாடி, அத்தனை தேய்ப்பு, எல்லாமே அந்தப் படலத்தைச் சரியான வளைவில் தாங்கிப் பிடிக்கத்தான். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிற 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இதே வேலைதான். அந்த ஆடியும் பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில் தேய்த்து மெருகேற்றியது. 1986இல் அதற்கு வானியலாளர் வைணு பாப்பு பெயரை வைத்தார்கள். காவலூருக்குப் போனபோது எல்லோரும் குழாயையும் கோபுரத்தையும் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய பரப்பில் விளிம்பு மடங்காமல் எப்படிப் பிடித்தார்கள் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தது ரோகிணியை. சென்னையில் அது கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே வரும், காற்றடுக்கு மிகக் குறைவு. கண்வில்லையைக் குவியத்துக்கு உள்ளே கொஞ்சமும் வெளியே கொஞ்சமும் நகர்த்திப் பார்த்தால், நட்சத்திரம் வளையம் வளையமாக விரியும். இரண்டு பக்கமும் வளையங்கள் ஒரே மாதிரி இருந்தால் கண்ணாடி சரி. ஒரே மாதிரி இருந்தன. வெளிவளையம் கூர்மையாக, சிதறல் இல்லாமல் நின்றது, ஆகவே விளிம்பும் மடங்கவில்லை. அதற்குப்பின்தான் மகளைக் கூப்பிட்டு வியாழனைக் காட்டினேன். நம் ஊர் வானத்தில் வெளிச்சம் அதிகம், மங்கலான விண்மீன் திரள்கள் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் கிரகங்களும் இரட்டை நட்சத்திரங்களும் அந்த வெளிச்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. காற்று நிதானமாக இருக்கிற ராத்திரிகளில் வியாழனின் பட்டைகள் அத்தனை தெளிவாக நிற்கும்.

இப்போது 8 அங்குலக் கண்ணாடி ஒன்று வெட்டி வந்திருக்கிறது. குவியத் தூரத்தை அதே 48 அங்குலமாக வைத்துக்கொள்கிறேன், எஃப் 6 வரும். வளைவு ஆரம் மாறாததால் ஹாலில் போட்ட குறிகளை மாற்ற வேண்டியதில்லை. குழி 2.12 மில்லி. கோளத்துக்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் 0.92 மைக்ரான், முன்னதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதனால் லேப் இன்னும் சரியான பதத்தில் இருந்தாக வேண்டும். புரட்டாசியில் 80 நம்பரைத் தொடங்கினால், ஐப்பசி மழையில் மாடிப்படி அறைக்குள் டிரம்மை நகர்த்திக்கொண்டு 5 மைக்ரான் வரை போய்விடலாம். கார்த்திகைக் கடைசியில் பிட்ச் காய்ச்ச வேண்டும். வில்லிவாக்கம், அம்பத்தூர், பெரம்பூர்ப் பக்கத்தில் யாராவது இதே வருஷம் தொடங்குவதாக இருந்தால் பிட்ச்சைச் சேர்த்தே காய்ச்சிவிடலாம். ரோசின் என்னிடம் இருக்கிறது, விளக்கெண்ணெய் மட்டும் வாங்க வேண்டும்.